நாற்பது எண்ணும் வரை

அநியாயம் நடந்தது ஒட்டீலியே ப்ராண்டுக்கு. நடந்த விதம் இது: அவள் எடுத்த முப்பத்தொரு முகப்படங்களை நகரக் கைத்தொழில் சங்கம் தன் பொருட்காட்சியில் மாட்டியது, மாட்டிய ஒவ்வொன்றின் கீழும் "காலஞ்சென்ற கோட்லோப் ப்ராண்ட் எடுத்தது" என்று அச்சடித்த சீட்டை ஒட்டியது. கோட்லோப் அவளுடைய கணவன். செத்து இரண்டு வருஷம் எட்டு மாதம் ஆகிறது. முப்பத்தொன்றில் ஒன்றுகூட அவன் உயிரோடு இருந்தபோது எடுத்ததில்லை. ஒன்பதாவது படத்தில் தூங்குகிற மேயர் வீட்டுப் பேரக்குழந்தை பிறந்ததே போன மே மாதம்தான். குழந்தையின் தாய், மேயரின் மருமகள், சந்தையில் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டே எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள், "ஏன் ஒட்டீலியே, என் பிள்ளையைப் படமெடுக்க உன் வீட்டுக்காரர் கல்லறையிலிருந்து எழுந்து வந்தாராமே? செருப்பு மண்ணையாவது துடைத்துவிட்டு உள்ளே வந்தாரா?" ஒட்டீலியேவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்த வாயோடு வீட்டுக்கு வந்து சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். மூன்று கடிதம். பதில் கிடையாது. இன்று, 1846 அக்டோபரில் ஒரு புதன்கிழமை முற்பகல், பதில் எழுதவேண்டிய மனிதரே நான்கு மாடியும் மூச்சிரைக்க ஏறி வந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சங்கத்தின் செயலாளர் ட்ரௌகோட் வென்ட்லர். கடிதத்துக்காக வரவில்லை. அவருக்கு ஒரு படம் வேண்டும்.

மூடியை எடுத்தாள். ஒன்று. படப்பெட்டியின் வில்லை மூடி திறந்திருக்கிற நேரத்தை அவள் வாயால் எண்ணுவதில்லை. வலது கால் பெருவிரலால் செருப்புக்குள் தட்டித் தட்டி எண்ணுவாள், ஒரு தட்டுக்கு ஒரு விநாடி. வாய் சும்மா இருக்கும், கண் சும்மா இருக்காது. இரண்டு. மூன்று. கண்ணாடிக் கூரைக்கு மேலே ஈரக் கம்பளி மாதிரி மேகம், இந்த வெளிச்சத்துக்கு நாற்பது. நாற்பது என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. காலையில் கண் திறப்பதற்கு முன்பே இமைக்கு உள்பக்கம் தெரிந்துவிடும், இன்று முப்பது, இன்று ஐம்பது, இன்று கடையையே திறக்காதே என்று. ஐந்து. செயலாளரின் பின்கழுத்தை இரும்புக் கவை பிடித்திருக்கிறது, முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது, தலை தானாகவே நிமிர்ந்து நிற்பதாகத்தான் பேரன் பேத்திகள் நினைப்பார்கள். உதடு அசைந்தால் படத்தில் உதடு இருக்காது, மூடி போடுகிறவரை பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். பேசவில்லை. ஆறு. இந்த மனிதர் பேசாமல் இருந்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை, இந்த ஊரே பார்த்திருக்காது, டிக்கெட் போட்டுக் காட்டலாம். ஏழு. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கோட்டு வாலை ஒதுக்கிக்கொண்டு உட்காரும்போதுகூடப் பேசிக்கொண்டேதான் உட்கார்ந்தார். "கோபப்படாதீர்கள் அம்மணி, உங்கள் நன்மைக்குத்தான் அப்படிப் போட்டேன். ஒரு விதவையின் பெயரைப் போட்டால் என்ன பேசுவார்கள்? பாவம், புருஷன் போய்விட்டான், பொழுது போகாமல் ஏதோ செய்கிறாள் என்பார்கள். ப்ராண்ட் என்றால் ஊரறிந்த பெயர்." நானும் ப்ராண்ட்தானே செயலாளர் அவர்களே, என்றாள். "அதையேதான் நானும் சொல்கிறேன்! பெயர் குடும்பத்துக்குள்ளேதானே இருக்கிறது, எங்கே போய்விட்டது?" எங்கே போய்விட்டது. எட்டு. நாளைக் காலை பொருட்காட்சிப் பட்டியல் இரண்டாம் தடவை அச்சுக்குப் போகிறது, அந்தப் பட்டியலோடு படங்கள் தலைநகரத்துப் பொருட்காட்சிக்குப் போகும், அங்கே அவளை யாருக்கும் தெரியாது, மேயர் வீட்டுக் குழந்தையையும் தெரியாது, சீட்டில் உள்ளதுதான் உண்மை. இன்று மாற்றினால் மாற்றியது. இல்லையென்றால் முப்பத்தொன்றும் செத்தவன் எடுத்தவை, என்றென்றைக்கும்.

ஒன்பது, பத்து. இதற்கெல்லாம் அவள் பதில் வைத்திருந்தாள், மூன்று கடிதம் எழுதியவளுக்குப் பதிலா இல்லை, ஆனால் அந்த மனிதர் கடைசியாகச் சொன்ன ஒன்றுதான் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. கவையில் தலையைப் பொருத்திக்கொண்டு, ரொம்ப அன்பாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி: "யோசித்துப் பாருங்கள் அம்மணி. இந்தத் தொழிலில் எடுத்தவர் யார் என்ற கேள்விக்கே இடமில்லையே? வரைவது சூரியன். நீங்கள் மூடியைத் திறக்கிறீர்கள், மூடியைப் போடுகிறீர்கள். நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், அவ்வளவுதானே?" அவள் வாயைத் திறந்தாள். ஆனால் தகடு அயோடின் புகை குடித்துப் பெட்டிக்குள் காத்திருந்தது, அது காத்திருக்கிற ஜாதி கிடையாது, ஒவ்வொரு நிமிஷமும் கெட்டுக்கொண்டே போகும். "அசையாதீர்கள்" என்று மட்டும் சொன்னாள். பதிலை விழுங்கிக்கொண்டு மூடியை எடுத்தாள். பன்னிரண்டு. அவர் சொன்னதையே செய்தாள் பார், மூடியைத் திறந்தாள்! சரி, சூரியன்தான் வரைகிறது என்றே வைத்துக்கொள்வோம். வரைந்தது சூரியன் என்றால் சீட்டில் சூரியன் பெயரைப் போட்டிருக்கவேண்டியதுதானே, கோட்லோப் பெயர் எதற்கு வந்தது? உயிரோடு இருக்கிறவள் மூடி திறப்பது வேலையாகாது, மூடி திறக்கக்கூட முடியாமல் மண்ணுக்குள் கிடக்கிறவன் மட்டும் எடுத்தவன் ஆகிவிடுவானா? இது எந்த ஊர்த் தர்க்கம்? பதினாலு. பதினைந்து. இன்று விடியற்காலை நாலரைக்கு எழுந்து மான்தோல் சுற்றிய கட்டையால் இந்த மனிதரின் தகட்டைத் தேய்த்தது சூரியனா, சூரியன் அப்போது எழுந்திருக்கவே இல்லையே. வெள்ளி முலாம் பூசிய செம்புத் தகடு, நீளவாக்கில் ஒரு மணி நேரம், கடைசியில் அகலவாக்கில் இருபது இழுப்பு, அப்போதுதான் தேய்ப்புக் கோடுகள் முகத்தில் சுருக்கமாக விழாது, மூச்சுப் பட்டாலும் புள்ளி விழும் என்று வாயில் துணி கட்டிக்கொண்டு தேய்த்தாள். புகைப்பெட்டியின் மேல் தகட்டைக் கவிழ்த்து வைத்து, எடுத்துப் பார்த்து, வைத்து, எடுத்துப் பார்த்து, வைக்கோல் மஞ்சள் ரோஜா நிறத்துக்குத் திரும்புகிற அந்த ஒரு மூச்சு நேரத்தில் நிறுத்துவாள், அடுத்த மூச்சில் ஊதாவாகிக் கெட்டுப்போகும். ரோஜாவுக்கும் ஊதாவுக்கும் நடுவில் சூரியனுக்கு என்ன வேலை?

பதினெட்டு. ஆனால் சீட்டு. அதுதான். எங்கே சுற்றிப் போனாலும் மனசு அந்தச் சீட்டில்தான் வந்து முட்டுகிறது, சந்தில் திரும்பத் தெரியாத வண்டி மாதிரி. செயலாளர் அதையும் சொல்லாமல் விடவில்லை. "படச்சட்டத்தின் முதுகில் நீங்களே ஒட்டியதைத்தானே அம்மணி நாங்கள் முன்பக்கம் அச்சடித்துப் போட்டோம்?" உண்மை. கோட்லோப் சாவதற்கு ஒரு மாதம் முன்னால் தன் பெயரில் நானூறு சீட்டு அடித்து வாங்கியிருந்தான், நல்ல கெட்டித் தாள், ஓரத்தில் திராட்சைக் கொடி. அவனைப் புதைத்துவிட்டு வந்த வாரம் அந்தக் கட்டைத் தூக்கி அடுப்பில் போட முடியுமா, கை வருமா? தீர்ந்த பிறகு என் பெயரில் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தீரவில்லை. நானூறு சீட்டு எளிதில் தீர்வதில்லை. நல்ல தாளை வீணாக்கக்கூடாது என்று அம்மா அடித்து அடித்து வளர்த்தாளே, அந்த வளர்ப்புதான் இன்று இவளுடைய பெயரைத் தின்றுவிட்டது. வாசலில் பலகையும் அப்படியே. கோட்லோப் ப்ராண்ட், மாடியில், வெயில் நாட்களில் ஒன்பது முதல் மூன்று வரை. ஏணி வைத்து ஏறிக் கழற்ற நேரமில்லை என்று ஒரு வருஷம், கழற்றினால் ஆள் வருமோ வராதோ என்று இன்னொரு வருஷம். பயம்தான், வேறென்ன. பயந்தேன். பயந்தவள் பெயரை எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா? பூட்டாத வீட்டில் நுழைந்தவன் திருடன் இல்லையா? இருபத்திரண்டு.

இடது கைச் சுண்டுவிரல் நடுங்குகிறது. கையை மடித்துக்கொண்டாள். ஆகஸ்ட் மாதத்திலிருந்து இப்படி, காலையில் இல்லை, தகடு கழுவி முடித்த பிறகு வரும், முதலில் சுண்டுவிரல் மட்டும், இப்போது பக்கத்து விரலும். ஈறில் செப்புக்காசை நக்கின ருசி. அது என்ன என்று அவளுக்குத் தெரியும். இருட்டறையில் இரும்புக் கிண்ணத்தில் பாதரசத்தைச் சூடாக்கி, அந்த ஆவியில் தகட்டைக் காட்டினால்தான் முகம் எழும்பி வரும். ஒன்றுமே இல்லாத வெள்ளியில் முதலில் சட்டை, பிறகு நெற்றி, கடைசியில் கண். எத்தனை தடவை பார்த்தாலும் மூச்சு நின்றுவிடும், நிற்காமல் இருந்தால் அந்த ஆவி உள்ளே போகும், நின்றாலும் போகும். கோட்லோப்புக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் சூப் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல், "ஒட்டி, நான் அசைந்துவிட்டேன், இந்தப் படம் தேறாது" என்று சிரித்தான். டாக்டர் நரம்புக் காய்ச்சல் என்று எழுதினார். பாதரசம் யார் பெயரைக் கேட்டுக்கொண்டு உடம்பில் ஏறுகிறது? முப்பத்தொரு படமும் கோட்லோப் எடுத்தது என்றால் முப்பத்தொரு தடவை மூச்சில் ஏறிய விஷம் மட்டும் எப்படி என் ஈறில் வந்து உட்கார்ந்தது, அது விலாசம் மாறி வந்துவிட்டதா, செயலாளர் அவர்களே? இதைக் கேட்கலாம். இதைத்தான் கேட்கவேண்டும். கேட்டால் என்ன சொல்வார், அடடா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மணி, உங்களுக்கு எதற்கு இந்தத் தொல்லை, இடத்தை வாடகைக்கு விட்டுவிடுங்கள் என்பார். அன்பாகத்தான் சொல்வார்! அந்த அன்பை நினைத்தாலே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது, கடித்தால் பல் ஆடுகிறது. இருபத்தாறு. இருபத்தேழு.

வெளிச்சம் மாறியது. கூரைக்கு மேல் கம்பளி ஓரிடத்தில் கிழிந்து, செயலாளரின் சட்டை முன்பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பளீரென்றது. சூரியனார் வந்துவிட்டார், வாருங்கள், உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். இனி நாற்பது கணக்கு ஆகாது, மிச்சத்தைப் பாதியாக்கவேண்டும், முப்பத்துமூன்றில் மூடிவிடலாம், முப்பத்துநாலு தாண்டக்கூடாது. சரி, இப்போது எத்தனை? இருபத்தேழு. இல்லை, இருபத்தேழு என்று நினைத்தது வெளிச்சம் மாறுவதற்கு முன்பு. அதற்குப் பிறகு கால்விரல் தட்டியதா? தட்டிக்கொண்டுதான் இருக்கிறது, இதோ தட்டுகிறது, ஆனால் எது எத்தனையாவது? இருபத்தேழா, முப்பத்தேழா? ஆறு வருஷத்தில் அவள் எண்ணிக்கையைத் தொலைத்ததே இல்லை. தொலைப்பது கோட்லோப்பின் வேலை. அவன் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்தவரிடம் குதிரை விலை பேசுவான், மாமியார் நலம் விசாரிப்பான், எண்பது நூறு என்று ஓடிவிடும், வெள்ளைச் சட்டைகள் நீலமாகிவிடும். தகடு அளவுக்கு மேல் வெளிச்சம் குடித்தால் அப்படித்தான், எது மிக வெள்ளையோ அது முதலில் நீலமாகும். ஒரு போதகரின் கழுத்துப் பட்டி முழுநீலமாக வந்தபோது அவர் மனைவி, "என்னய்யா, இவரை நீலச் சட்டைக் குதிரைப்படையில் சேர்த்துவிட்டாயே!" என்று கத்தினாள். அன்று மாலை கோட்லோப் கடிகாரத்தை அவள் கையில் கொடுத்தான். "இனிமேல் நீ எண்ணு ஒட்டி. எனக்கு வாய் மட்டும்தான் இருக்கிறது." கடிகாரம் வேண்டாம் என்று அவள் அதை அலமாரியில் வைத்தாள். அன்றிலிருந்து ஒரு சட்டைகூட நீலமாகவில்லை. பொருட்காட்சியில் முப்பத்தொரு வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தொட்டில் துணி. கண் உள்ளவன் அதைப் பார்த்தாலே போதும், எடுத்தவன் கோட்லோப் இல்லை என்று சொல்லிவிடுவான். கண் உள்ளவனைச் சங்கத்தில் செயலாளராகப் போடமாட்டார்கள் போலிருக்கிறது.

கை மூடியோடு எழுந்தது. எண் தொலைந்தால் என்ன, அவள் கண்ணுக்குத் தெரியும், கன்னத்தில் படுகிற வெளிச்சத்தின் எடை தெரியும், இப்போது, இந்த நொடியில் மூடினால் படம் தேறிவிடும், கொஞ்சம் வெளுத்தாலும் தேறிவிடும். மூடியின் உள்பக்கத்து வெல்வெட் விரலில் உரசியது. நீங்கள் மூடியைத் திறக்கிறீர்கள், மூடியைப் போடுகிறீர்கள். கை அங்கேயே நின்றது. அவ்வளவுதானே? அவ்வளவுதானே அம்மணி? அவ்வளவுதான் என்றால் சரி. எதற்கு இத்தனை அவசரம், எதற்கு இந்தக் கால்விரல், எதற்கு இமைக்குள் நாற்பது ஐம்பது? வரைகிறவர் வரையட்டும். அவர் வேலையில் நான் எதற்குக் குறுக்கே நிற்கவேண்டும்? ஒட்டீலியே மூடியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை விட்டு இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். கால்விரல் பழக்கதோஷத்தில் தட்டப் பார்த்தது, அதையும் நிறுத்தினாள். செயலாளர் அசையவில்லை. கண் மட்டும் ஓரத்துக்கு வந்து அவளைத் தேடியது, தலையைத் திருப்ப முடியாது, கேட்கவும் முடியாது, கேட்டால் உதடு இருக்காது. அவருடைய மூக்கு நுனியில் வேர்வை. சட்டை எரிகிறது. இவ்வளவு கீழ்ப்படிதல் இந்த மனிதரிடம் இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள், ஒரு பெண் பேசாதே என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு கல்லாய் இருக்கிறாரே, உதட்டின் மேல் அத்தனை ஆசை! ஒரு தகடு போகிறது, போகட்டும். விடியற்காலையில் தேய்த்த ஒரு மணி நேரம் போகிறது, அது வலித்தது, அது மட்டும் வலித்தது. படத்தைக் கெடுக்கிறேன், வேண்டுமென்றே கெடுக்கிறேன், என் கையால். இந்த மனிதர் கோபித்துக்கொண்டு முப்பத்தொன்றையும் சுவரிலிருந்து இறக்கிவிட்டால்? தலைநகரத்துக்கே அனுப்பமாட்டேன் என்றால்? அனுப்பாவிட்டால் யாருக்கும் தெரியாது, அனுப்பினால் கோட்லோப்பைத் தெரியும். இரண்டிலும் அவள் இல்லை. இல்லாதவளுக்கு இதற்கு மேல் என்ன நஷ்டம்? நகரமன்றக் கடிகாரம் பதினொன்று அடித்தது. பதினொன்றும் அடித்து ஓயும்வரை நின்றாள். பிறகு போய் மூடியைப் போட்டாள். "முடிந்தது செயலாளர் அவர்களே. மூச்சு விடலாம்."

"இவ்வளவு நேரமா? கழுத்தே போய்விட்டது. என் மைத்துனன் சொன்னான், கண் மூடித் திறக்கிற நேரம்தான் என்று." இருட்டறைக் கதவு அவர் பேச்சைப் பாதியில் வெட்டியது. மெழுகுவர்த்தியைச் சிவப்புத் துணிக்குப் பின்னால் நகர்த்தி, தகட்டைப் பாதரசக் கிண்ணத்துக்கு மேல் சாய்த்து வைத்து, கிண்ணத்தை மூடிய பெட்டியின் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எழும்பியது. சட்டை முதலில் வரவில்லை, எல்லாம் ஒன்றாக வந்தது, ஆற்றில் முங்கியவனைத் தூக்குகிற மாதிரி. முகம் சாம்பல், கண் இரண்டும் பள்ளம், சட்டை அசல் நீலம், மழைக்குப் பிந்திய வானம் மாதிரி, அழகாகக்கூட இருந்தது, அதுதான் வேடிக்கை. ஈறில் காசு ருசி. நன்றாக ஒரு பதில் இருக்கிறது, நாக்கு நுனியிலேயே இருக்கிறது: இதோ, இதன் கீழே தாராளமாக என் கணவர் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். ஊர் சிரிக்கும். மேயர் மருமகள் சந்தையில் ஒரு வாரம் சொல்வாள். சொல்லிப் பார்த்தாள், உதடு மட்டும் அசைய, இருட்டில். நன்றாக இல்லை. கோட்லோப் யாரிடமும் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் அவன் சொன்னதுதான்: நான் பேசுகிறவன் ஐயா, எடுக்கிறவள் அதோ நிற்கிறாள். அவன் சொன்னான். சிரித்துக்கொண்டு சொன்னதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனை அடித்து இவரை வெல்வது எதற்கு? அவன் நீலச் சட்டை அவனோடு இருக்கட்டும். தகட்டை உப்புக் கரைசலில் அலசி, நீரில் காட்டி, விளக்குச் சூட்டில் ஓரத்திலிருந்து காயவைத்தாள். சுண்டுவிரல் ஆடியது. ஆடட்டும். அலமாரியில் இரண்டாவது தகடு இருக்கிறது, இன்று அதிகாலையில் அதையும் தேய்த்துத்தான் வைத்திருக்கிறாள், எப்போதும் இரண்டு தேய்ப்பாள், புகை காட்டினால் போதும். அதை எடுக்கவா? கெட்டதை மறைத்துவிட்டு, ஐயா நீங்கள் அசைந்துவிட்டீர்கள், இன்னொரு தடவை உட்காருங்கள் என்று சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நல்ல படம் வரும். அவர் அன்பாக நன்றி சொல்வார். நாளைக் காலை பட்டியல் அச்சுக்குப் போகும். இந்தப் பொய்யைத்தானே திராட்சைக் கொடி போட்ட கெட்டித் தாளில் இரண்டு வருஷம் எட்டு மாதமாக ஒட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தாள்.

செயலாளர் தகட்டை வாங்கி, ஜன்னல் பக்கம் சாய்த்தார். வெளிச்சம் சரியாகப் படவில்லை என்று மறுபக்கம் சாய்த்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார், கழற்றினார்.

"என்ன அம்மணி இது? சட்டை நீலமாக இருக்கிறது. முகம்... இது நானா? பிணத்தைத் தூக்கி உட்காரவைத்த மாதிரி இருக்கிறதே! நாளை மறுநாள் இதை என் மேஜை மேல் வைக்கவேண்டும், பத்துப் பேர் பார்ப்பார்கள். யார் செய்த வேலை இது? சொல்லுங்கள், யார் செய்த வேலை?"

ஒட்டீலியே மேலங்கிப் பையிலிருந்து கையை எடுத்தாள். அது கொஞ்சம் நடுங்கியது, மறைக்கவில்லை.

"சூரியன், செயலாளர் அவர்களே. நான் மூடியைத் திறந்தேன், மூடியைப் போட்டேன், நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் செய்தேன், மிச்சமெல்லாம் அவர் வேலை. நான் எடுத்தது எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டுமானால் முப்பத்தொன்று உங்கள் சுவரிலேயே தொங்குகிறது. அந்த மாதிரி ஒன்று உங்களுக்கும் வேண்டும் என்றால், தேய்த்த தகடு இன்னொன்று உள்ளே இருக்கிறது. அதோ மேஜையில் தாளும் மையும் இருக்கின்றன. எடுத்தவள் ஒட்டீலியே ப்ராண்ட் என்று முப்பத்தொரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், நாளை அச்சுக்குப் போகிற பட்டியலிலும் அதே பெயர். அதற்குள் நல்ல மேகமாக ஒன்று வந்துவிடும்."